கூடுதல் நாற்பத்தைந்து கிலோ

பண்ணைத்தோப்பில் பொம்முராஜின் பழைய ஜீப்பை எடை மேடையில் ஏற்றிப் பார்த்தபோது, ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருந்ததைவிட அது நாற்பத்தைந்து கிலோ கூடுதலாக இருந்தது. அதைக் கேட்டு ஊரில் யாரும் மயக்கம் போட்டு விழவில்லை. மலையடிவாரத்துச் சனத்துக்கு எடை என்றால் எப்போதுமே கொஞ்சம் முன்னே பின்னே இருக்கிற சமாச்சாரம்தான். தோட்டத்தில் ஒரு எடை, மண்டியில் ஒரு எடை என்று ஏலக்காய் மூட்டையைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள். எடை மேடைக்காரர் சௌந்திரபாண்டி மட்டும் தொழில் மானத்துக்காக வண்டியை மூன்று தடவை இறக்கி ஏற்றச் சொன்னார், டாங்கியைத் தட்டிப் பார்த்தார், சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார், கடைசியில், டயரில் காற்றுக் குறைவாக இருக்கிறது என்று சொல்கிற அதே குரலில், “வண்டிக்குள்ள யாரோ உக்காந்திருக்காங்கண்ணே” என்று சொல்லிவிட்டு அடுத்த லாரியைக் கூப்பிட்டார்.

பொம்முராஜ் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்திருப்பது யார் என்று அவருக்குத் தெரியும்.

அந்த ஜீப் இருபத்தோரு வருஷமாக அவர் வீட்டை ஒட்டிய செட்டில், தார்ப்பாய்க்கு அடியில், கோழி அடைகாக்கிற இடமாகக் கிடந்தது. அதற்கு முன்னால் அது தினமும் விடியலில் பதினாலு பெண்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போய் அந்திக்குள் இறங்கி வந்த வண்டி. இன்ஜின் போய்விட்டது என்று சொல்லி அதை நிறுத்திவிட்டு அவர் மினி பஸ் ஓட்டப் போனார், அறுபது வயதில் அதையும் விட்டார். இன்ஜினுக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பது அவருக்கும் அவர் மனைவி சிவனம்மாளுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

போன தீபாவளி கழிந்து ஊர்த் தலைவர் கெங்குசாமி வந்து, சித்திரைப் பௌர்ணமிக்கு மொட்டைப்பாறை அம்மனை மலைக்கோயிலுக்கு ஏற்றிப்போக இருந்த வண்டி பழுதாகிவிட்டது, அந்தப் பாதைக்கு ஜீப்பைத் தவிர எதுவும் ஏறாது, உன் வண்டியைச் சரிபண்ணிக் கொடுத்தால் அம்மனுக்கு நீயே சாரதி, உன் தலையில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை என்று சொன்னார். பொம்முராஜ் தலையில் அதுவரை ஏறியதெல்லாம் துண்டும் மழையும்தான். சரி என்றுவிட்டார். ஆசை வெட்கமறியாது என்பார்கள், ஆனால் அவருடைய ஆசைக்கு வெட்கம் தெரிந்தே இருந்தது, தெரிந்தும் சரி என்றது.

கார்த்திகையில் தார்ப்பாயை உருவினார். கோழியை விரட்டினார், கோழி திரும்பி வந்தது, மறுபடி விரட்டினார். தெருக்கோடி வெல்டர் சவரியப்பனைக் கூட்டிக்கொண்டு, துரு தின்ற தரைத் தகட்டை வெட்டியெறிந்து புதுத் தகடு வைத்து, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் மறுபடி பச்சை, அதற்கும் அடியில் பட்டாளத்து மண் நிறம் என்று ஒவ்வொரு தோலாக உரித்து, கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, நாலு சக்கரத்தையும் சேர்த்து இழுக்கிற ஸ்பெஷல் கியரை மூன்று வாரம் கெஞ்சிக் கூத்தாடி அசையவைத்து, பின்பெஞ்சுகளுக்குப் புது ரெக்சின் தைத்து, தையில் அதை ஒரு வண்டியாக நிறுத்தினார்கள். செட்டுக்குள் அவர் கை படாத சாமான் ஒன்றே ஒன்றுதான். மூலை அலமாரியில் நட்டும் போல்ட்டும் போட்டு வைத்திருந்த பழைய அலுமினியத் தூக்குவாளி அது. அதிலிருந்து எது வேண்டுமானாலும் சவரியப்பனைத்தான் எடுக்கச் சொல்லுவார்.

எல்லாம் முடிந்து ஜாக்கியை இறக்கியபோது வண்டி பின்பக்கத்து இடது மூலையில் தாழ்ந்து நின்றது. ஸ்பிரிங் பட்டையை மாற்றினார்கள், தாழ்ந்தது. அடுத்த பக்கத்துப் பட்டையை இங்கே போட்டார்கள், அப்போதும் அதே மூலைதான் தாழ்ந்தது. யாரும் இன்னும் உட்காராத புது ரெக்சினில், பின்பெஞ்சின் இடது கோடியில், ஒரு ஆள் உட்கார்ந்த பள்ளம் விழுந்திருந்தது. சவரியப்பன் அதைக் கையால் தட்டித் தட்டி நிமிர்த்தினார், அது மெல்ல மறுபடி பள்ளமானது. புதுத் தகட்டின் கனமாக இருக்கும், எதற்கும் எடை போட்டுப் பார்ப்போம் என்று போனதில்தான் அந்த நாற்பத்தைந்து கிலோ.

செய்தி டீக்கடைக்கு வந்து சேர்வதற்குள் கெங்குசாமி முடிவு சொல்லிவிட்டார். அம்மனுக்குச் சித்திரைவரை பொறுக்கவில்லை, இப்போதே ஏறி உட்கார்ந்துகொண்டாள், அவ்வளவுதான். ஊருக்கு இது வசதியாக இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் வண்டியைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து, மேளத்தோடு எடை மேடைக்குக் கூட்டிப்போய், எடைச் சீட்டை வாங்கி டீக்கடைப் பலகையில் ஒட்டினார்கள், எடை போட வந்த லாரிக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள், பிள்ளை எடை போடவில்லை என்று கவலைப்பட்ட தாய்மார்கள் அந்த இடது மூலையில் குழந்தையை ஒரு நிமிஷம் கிடத்தி எடுத்தார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் புவியீர்ப்பு என்று ஏதோ ஆரம்பித்தார், அவருக்கு இன்னொரு டீ வாங்கிக்கொடுத்து உட்காரவைத்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள், உங்கள் அம்மன் வெறும் நாற்பத்தைந்து கிலோதானா என்று நக்கலடித்தபோது, பஞ்ச காலத்தில் வந்த அம்மன் பின்னே எப்படி இருப்பாள், உங்கள் ஊர் அம்மன் போல உட்கார்ந்து தின்றவளா என்று கேட்டு வாயடைத்தார்கள். ரோட்டில் பொம்முராஜைக் கண்டால் ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்கினார்கள். அவர் ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டு போனார், அதைப் பணிவு என்று சொல்லி ஊர் இன்னும் மெச்சியது.

அந்த மூலை குருவம்மாளின் மூலை.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வண்டியில் எட்டுப் பேருக்குத்தான் அனுமதி, ஏறுவது பதினாலு. எல்லா ட்ரிப் ஜீப்காரர்களையும் போலவே பொம்முராஜும் செக்போஸ்ட்டுக்கு முந்தின வளைவில் கடைசி ஆறு பேரை இறக்கிவிடுவார். அவர்கள் தங்கள் தங்கள் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு மூங்கில் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் ஏறிச் சுற்றி வந்து, செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கத்துக் கலுங்குப் பாலத்தில் மறுபடி ஏறுவார்கள். ஏறியதும் தூக்கை மேல்கம்பியில் மாட்டுவது வழக்கம். தலையைத் திருப்பி ஆளை எண்ண வேண்டாம், கண்ணாடியில் கம்பியைப் பார்த்தால் போதும், பதினாலு தூக்கு ஆடினால் பதினாலு பேர் ஏறியாயிற்று. குருவம்மாளுக்கு அப்போது இருபத்துநாலு வயது. ஒரு நாளும் முணுமுணுக்காதவள், அதனாலேயே தினமும் இறக்கிவிடப்படுகிறவள்.

அன்று ஐப்பசி மழை. எல்லோரும் தலையோடு சாக்குக் கொங்காணி போட்டிருந்தார்கள், யார் எவர் என்று முகம் தெரியவில்லை. இறங்கும்போது குருவம்மாள், தூக்குக்குள் மழைத் தண்ணீர் போய்விடும், திரும்பி வந்து ஏறத்தானே போகிறோம் என்று நம்பித் தன் தூக்கைக் கம்பியிலேயே விட்டுவிட்டுப் போனாள். பாதையில் வழுக்கி விழுந்து பின்தங்கினாள். கலுங்கில் ஐந்து பேர் ஏறி ஐந்து தூக்கை மாட்டினார்கள், கண்ணாடியில் பதினாலு ஆடியது, பொம்முராஜ் வண்டியை எடுத்துவிட்டார்.

அதுவரை அது தப்பு மட்டும்தான். தோட்டத்து வாசலில் கங்காணி, ஒரு ஆள் குறைகிறதே என்று கேட்டபோதுதான் அது பாவமாயிற்று. இறக்கிவிட்டோம் என்று சொன்னால் செக்போஸ்ட் ஏமாற்று வெளியே வரும், வண்டியைத் தோட்டத்துக்குள் விடமாட்டார்கள். அவள் இன்றைக்கு வரவே இல்லை என்று சொல்லிவிட்டார். பதிமூன்று பெண்களும் தங்கள் கூலியை நினைத்து வாயை மூடிக்கொண்டார்கள், முன்சீட்டில் உட்கார்ந்திருந்த சிவனம்மாள் உட்பட. பத்து மணிக்கு முழங்காலில் ரத்தத்தோடு குருவம்மாள் நடந்தே வந்து சேர்ந்து, நான் வந்தேன், என் தூக்கு வண்டியில் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றாள். போய்ப் பார்த்தார்கள். கம்பியில் பதிமூன்றுதான் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், பொம்முராஜ் முழுச் சோற்றையே சீட்டுக்கு அடியில் டூல்ஸ் பெட்டிக்குள் மறைத்திருந்தார். அவள் அவரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பட்டினியோடு மலையிறங்கிப் போனாள்.

அதற்கப்புறம் எந்த ஜீப்பிலும் அவளை ஏற்றவில்லை. ஏறாமலே ஏறினேன் என்றவள் என்று புளுகுணிக் குருவம்மாள் ஆனாள். வருஷங்கள் போகப் போகக் காரணம் மறந்து பேர் மட்டும் நின்றது, அவள் சொன்னால் மழை பெய்வதைக்கூட வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்கள், மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்கும் அந்தப் பேர் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தது.

மாசி இரண்டாம் வெள்ளியில் எடை ஐந்து கிலோ குறைந்தது. அம்மனுக்குக் கோபம் என்று ஊர் பதறிப் பொங்கல் வைத்தது. குருவம்மாள் காய்ச்சலில் கிடக்கிறாள் என்று பொம்முராஜ் மருந்துக் கடையில் விசாரித்துத் தெரிந்துகொண்டார். பங்குனியில் இன்னும் ஐந்து குறைந்தது. ஊர் கிடா வெட்டியது. காய்ச்சல் போன பிறகும் அவளுக்குச் சோறு இறங்கவில்லையாம். பொம்முராஜ் தினமும் செட்டுக்குப் போய் அந்தப் பள்ளத்தைப் பார்த்தார். அது மேலேறி மேலேறி மேலோட்டமாகிக்கொண்டு வந்தது. ஒரு நாள் ரெக்சின் சமமாகிவிட்டால், வண்டி நாலு காலும் ஒன்றாக நிமிர்ந்து நின்றுவிட்டால், சொல்வதற்கு ஆள் இருக்காது என்பது அவருக்குப் புரிந்தது. ஊரோ அவருக்குப் பரிவட்டப் பட்டு எடுக்கப் போயிருந்தது.

பட்டு வந்த அன்று மத்தியானம் சிவனம்மாள் செட்டுக்குள் வந்தாள். வண்டி செய்த மாதங்களில் ஒரு நாளும் உள்ளே வராதவள். நேராக மூலை அலமாரிக்குப் போய், தூக்கை எடுத்து, நட்டுகளைத் தரையில் கவிழ்த்தாள்.

“இது யாரு தூக்குன்னு எனக்கு மொத நாளே தெரியும்ங்க” என்றாள். “நீங்க சொல்லுவீங்கன்னு நானிருந்தேன். நான் கேப்பேன்னு நீங்க இருந்திருப்பீங்க. தலையில பட்டு ஏறுறதுக்கு முன்னால போய்ட்டு வந்துருங்க.”

அவர் அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார், புளி போட்டுத் தேய்த்தார், ஜீப்பைத் தேய்த்து மிச்சமிருந்த உப்புத்தாளாலும் தேய்த்தார். கிரீஸ் வாடை போகவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில், தெருவே பார்க்கக் குருவம்மாள் வீட்டுக்குப் போனார்.

அவள் வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். மெலிந்து, கழுத்தெலும்பு தெரிய, நாற்பத்தாறு வயதுக்கு அறுபது போல இருந்தாள். அவர் தூக்கை அவள் முன்னால் வைத்தார். அவள் தூக்கைப் பார்த்தாள், அதன் காதில் தன் கையால் சுற்றிய சிவப்பு நூல் இன்னும் இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது.

“இங்க வச்சுக் குடுத்தா இது வெறும் தூக்குண்ணே. பொய்ய நாலு பேரு முன்னால சொன்னீங்க” என்று சொல்லிவிட்டு, மறுபடி புளியைத் தட்ட ஆரம்பித்தாள்.

அவர் தூக்கோடு திரும்பி நடந்தார். அத்தனை வீட்டு வாசலிலும் ஆள் நின்றது. தன் உடம்பில் எந்த இடத்தில் வெட்கம் இல்லை என்று தேடினால் ஒரு இடமும் அகப்படாது என்று அவருக்குத் தோன்றியது.

சித்திரைப் பௌர்ணமிக் காலையில், மலையேறுவதற்கு முன், வழக்கம்போல வண்டியை எடை மேடையில் நிறுத்தினார்கள். முப்பத்தைந்து கிலோ கூடுதல். கெங்குசாமி பரிவட்டப் பட்டை விரித்துக்கொண்டு வந்து, குனி என்றார். பொம்முராஜ் குனியவில்லை. நாலு மாதமாக நடந்த இடமெல்லாம் குனிந்தவர், குனிய வேண்டிய நேரத்தில் நின்றார். ரெக்சின் பைக்குள்ளிருந்து தூக்கை எடுத்தார்.

“இது அம்மன் எடை இல்ல. குருவம்மா எடை. அன்னிக்கு அவ என் வண்டியிலதான் வந்தா. விட்டுட்டுப் போனது நான். வரவே இல்லன்னு சொன்னதும் நான். இந்தத் தூக்க ஒளிச்சு வச்சதும் நான்தான்” என்றார். சத்தம் பெரிதாக வரவில்லை. ஆனால் மேளம் நின்றிருந்தது, எல்லோருக்கும் கேட்டது.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து குருவம்மாள் வந்தாள். யாரையும் பார்க்காமல், செருப்பைக்கூடக் கழற்றாமல், பின்பக்கம் ஏறி இடது மூலையில் உட்கார்ந்தாள். சௌந்திரபாண்டி எண்ணைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார், உரக்கப் படித்தார். எடை ஒரு கிலோகூடக் கூடவில்லை.

“அன்னிக்குச் சோத்த என்ன செஞ்சீங்க?” என்று அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

இந்த ஒன்றை மட்டும் அவர் சிவனம்மாளிடம்கூடச் சொன்னதில்லை. சோற்றைக் கொட்டக் கூடாது என்று வளர்ந்த உடம்பு, மத்தியானம் வண்டிக்குப் பின்னால் குத்தவைத்து, மூடியைத் திறந்து, கம்மஞ்சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் ஒரு பருக்கை மிச்சமில்லாமல், அவள் பட்டினியாக எந்த வளைவில் இறங்கிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தபடியே தின்றிருந்தது.

“தின்னுட்டேன் தாயி.”

“எப்படி இருந்துச்சு?”

“உப்பு கூட.”

“ஆமா” என்றாள் குருவம்மாள். “மழைக்குப் பயந்த அவசரத்துல ரெண்டு தரம் போட்டுட்டேன்.” அதைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் கண்ணீர் வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் சொன்னது மெய் என்று இன்னொருவர் வாய் சொல்லிக் கேட்டது அதுவே முதல் தடவை. அந்த நாளின் பதிமூன்று பெண்களில் சிவனம்மாள் உட்பட ஒன்பது பேர் அங்கே நின்றிருந்தார்கள். ஒன்பது பேரும் தரையைப் பார்த்தார்கள்.

ஊர் எதையும் விழுங்கிச் சீரணித்துவிடும். அம்மன் யார் எடையில் ஏற வேண்டும் என்பது அம்மன் விருப்பம், அவள் குருவம்மாளுடைய எடையை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று கெங்குசாமி ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார், பொங்கல் வைத்தவர்களும் கிடா வெட்டியவர்களும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். பட்டைக் குருவம்மாளுக்குக் கட்டப் போனபோது, வேர்க்கும், வேண்டாம் என்றுவிட்டாள். அது ஜீப்பின் முன்மூக்கில் கட்டப்பட்டது. அம்மனை முன்சீட்டில் வைத்து, ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற சவரியப்பன் ஓட்டினார், அதில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. ஒன்பது பெண்களும் மலைக்குக் கொண்டுபோகிற சோற்றுத் தூக்குகளோடு பின்னால் ஏறி, கம்பியில் மாட்டினார்கள். பொம்முராஜ் கடைசியாக, பின்படியில் தொற்றிக்கொண்டு, அந்தத் தூக்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார். செட்டில் எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்ற வண்டி, அத்தனை பேரோடு நேராக ஏறியது.

செக்போஸ்ட்டுக்கு முந்தின வளைவில், வண்டியில் ஆள் அதிகம் என்பதால் சவரியப்பன் நிறுத்தினார். மலையில் கோடை மழை தூறத் தொடங்கியிருந்தது. கடைசியில் இருந்த பெண்கள் பழைய பழக்கத்தில் தாங்களாகவே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்தார்கள்.

“ஒக்காருங்க” என்றாள் குருவம்மாள். “இன்னிக்கு நாம யாரும் இறங்கல. அண்ணே, நீங்க இறங்கி நடங்க.”

அவர் இறங்கினார். சிவனம்மாள் கூடவே எழுந்தாள்; மதினி, நீங்களும் இருங்க என்று குருவம்மாள் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பிறகு அவரிடம், “தூக்க வச்சுட்டுப் போங்க. மழத்தண்ணி போயிரும்” என்றாள்.

வெறுங்கையோடு அவர் மூங்கில் காட்டுக்குள் ஏறினார். எத்தனையோ ஆயிரம் தடவை இந்தப் பாதைக்கு மற்றவர்களை அனுப்பியிருக்கிறார், தான் ஒரு நாளும் நடந்ததில்லை. பத்து நிமிஷ நடை என்று நினைத்திருந்தார், அறுபத்தோரு வயதில் அரை மணி ஆயிற்று. பாதி வழியில் வழுக்கி முழங்கால் சிராய்த்தது. மேலே இன்ஜின் உறுமுகிற சத்தம் கேட்டது, நின்றது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. போய்விட்டிருப்பார்கள் என்று நினைத்தார். போய்விட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். விட்டுவிட்டுப் போயிருந்தால் கணக்கு நேராகிவிடும், மலையிறங்கி நடந்து வீட்டுக்குப் போய், தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடக்கலாம்.

காடு முடிந்து கலுங்குக்கு வந்தபோது வண்டி நின்றுகொண்டிருந்தது. மழையில் நனைந்த பட்டோடு, அம்மனோடு, இன்ஜினை அணைத்துவிட்டு, அவருக்காக நின்றுகொண்டிருந்தது. அவருக்கு அழுகை வந்தது. போயிருந்தால்கூட இத்தனை வெட்கமாக இருந்திருக்காது. பின்படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு நின்றார்.

எல்லாத் தூக்கும் மாட்டியாச்சு, போகலாமா என்று சவரியப்பன் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார். குருவம்மாள், இருங்க என்றாள். அவள் கம்பியைப் பார்க்கவில்லை. எழுந்து நின்று, ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்து விரல் நீட்டி எண்ணிக்கொண்டே வந்தாள், சிவனம்மாளை எண்ணினாள், தன் நெஞ்சைத் தொட்டுத் தன்னை எண்ணினாள், கடைசியாக அவரிடம் வந்து விரலை நீட்டியபடியே நின்றாள். அவர் முகம் நிமிரும்வரை வண்டி கிளம்பவில்லை.